ஆடாத தராசுத் தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, ஆவி, முனி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருபது வருஷமாகத் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன், பார்க்காத ஆள் இல்லை, கேட்காத கதை இல்லை. ஒரு தடவை மயில்தோகையும் கையுமாக ஒருத்தர் வந்து, "உன் பின்னால ஒரு நெழலு நிக்குதும்மா, தாயத்து கட்டணும்" என்றார். "நிக்கட்டும், வெயிலுக்கு நல்லதுதான், நீ வண்டிய மறைக்காம தள்ளி நில்லு" என்று விரட்டிவிட்டேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன்.

சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏனென்றால் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில், "அது வேற பறவையா இருக்கும்க்கா." நீங்களும் அதைத்தான் சொல்லப் போகிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். என் மகள், மாப்பிள்ளை பேரை எல்லாம் மாற்றித்தான் சொல்லப் போகிறேன், அது ஏன் என்று கேட்கக் கேட்கத் தெரியும்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. தோட்டத்தில் நின்றால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் வியாபாரம் செய்த காலத்துத் தொங்குதராசு, எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு சும்மா கிடந்தது. அதில் ஒரு தட்டை மூன்று சங்கிலியோடு கழற்றிக் கொய்யா மரக்கிளையில் தொங்கவிட்டேன். விற்காமல் கனிந்துபோகிற பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் தினமும் அதில் போய்விடும். அணில் வரும், மைனா வரும், கொண்டைக்குருவி வரும். ஒரு சின்னக் குருவி உட்கார்ந்தாலே அந்தத் தட்டு ஆடும், சங்கிலி கிலுகிலு என்று சத்தம் போடும், உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாலும் யாரோ சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மாசி கடைசியில் ஒரு பெரிய பறவை வர ஆரம்பித்தது. சாம்பல் நிறம், நீள வால், வளைந்த பெரிய அலகு, அந்த அலகுக்கு மேலே கொம்பு மாதிரி இன்னொன்று. இதற்கு அந்தக் கொம்பின் நுனி உடைந்திருந்தது, எங்கேயோ அடிபட்டிருக்கும். முதல் நாள் அது உட்கார்ந்ததும் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து பப்பாளி எல்லாம் கீழே கொட்டிவிட்டது, நான் திட்டினேன், அது கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கண் இமையில் மயிர் உண்டு, மனுஷனுக்கு இருக்கிற மாதிரி. அதைப் பக்கத்தில் பார்க்கிற வரைக்கும் எனக்கு அது தெரியாது. ஒரு வாரத்தில் நான் ரெண்டடி தூரத்தில் நின்றாலும் பயப்படாமல் தின்கிற அளவுக்குப் பழகிவிட்டது. மூக்கன் என்று பேர் வைத்தேன்.

அப்போது என் மகள் சந்தியா பிரசவத்துக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடித்துக் கூட்டி வந்தது. எட்டு மாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருப்பாள். போனில் தேடிப் பார்த்து அவள்தான் சொன்னாள், இது இருவாச்சி வகை என்று. வேலியோரத்தில் ஒரு பழைய இலுப்பை மரம் இருக்கிறது, அதில் ஒரு பொந்து. பெண் பறவை அந்தப் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி மூடிவிடுமாம். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு சந்துதான் விடுமாம். முட்டை வைத்து, குஞ்சு பொரித்து, அது வளர்கிற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் உள்ளேயேதான். ஆண்தான் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

"அம்மா, பாரு, தொண்டை நெறைய அடச்சிக்கினு போறான், அங்க போயி ஒண்ணு ஒண்ணா எடுத்து ஊட்டறான்" என்பாள். "ஆம்பளன்னா இவன்தாம்மா ஆம்பள. உன் மாப்ளைக்கு இத்தக் காட்டணும்."

மாப்பிள்ளை பிரபுவுக்குத் திருக்கோவிலூர். வேன் ஓட்டுகிறார். சனி ஞாயிறானால் கரியாலூர் பக்கம் அருவி பார்க்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது. ஆனால் பொண்டாட்டிக்கு ஒன்று செய்ய வேண்டும் என்று தானாகத் தோன்றாது. போன் பண்ணினால் "சாப்ட்டியா"வுக்கு மேலே ஒரு வார்த்தை வராது.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. பால் சரியாக ஊறவில்லை. பிள்ளை அழுகிறது, இவள் அழுகிறாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நானும் பூண்டு, கருவாடு, முருங்கைக்கீரை என்று பத்தியம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நாள் புதன்கிழமை மாப்பிள்ளை வந்தார். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நான் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, ஒரு குண்டானை மூடி வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார்.

"அத்தை, பத்தியத்துக்குக் காட்டுக்கறி. நானே சுத்தம் பண்ணி வெச்சிட்டன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். மலையில் யாரிடமோ காட்டுக்கோழி வாங்கி வந்திருப்பார் என்று நினைத்தேன். மிளகு தட்டி, பூண்டு உரித்து, நல்லெண்ணெய் விட்டு வறுத்தேன். உப்பு பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை, ஆனால் போட்டேன். சந்தியா நன்றாகச் சாப்பிட்டாள்.

மத்தியானம் தட்டில் வைத்த பப்பாளி அப்படியே இருந்தது. மூக்கன் வரவில்லை. எங்கே போனான் என்று யோசித்துக்கொண்டே கழுவின தண்ணீரைக் கொட்டக் குப்பைக்குழிக்குப் போனேன். சாம்பல் இறகு. இறகுக்கு நடுவில் அந்தத் தலை. கொம்பின் நுனி உடைந்த அலகு.

அந்தத் தலையை முந்தானையில் எடுத்துக்கொண்டு போய், வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முன்னால் நீட்டினேன்.

"இது இன்னா?"

"அதாங்க அத்தை, அந்தப் பெரிய மூக்கு. பச்ச ஒடம்புக்கு இந்தக் கறி ரொம்ப நல்லதாம், பாலு ஜாஸ்தியா ஊறுமாம், மலையில டீ கடையில ஒருத்தர் சொன்னாரு. கையெட்ற தூரத்துல ஒக்காந்துகினு இருந்துச்சி, நான் உண்டிவில்ல இழுக்கறன், அது நகரவே இல்ல. ஒரே கல்லு."

நகரவே இல்லையாம். எப்படி நகரும்? மனுஷன் நின்றால் பப்பாளி வரும் என்று அதற்குப் பழக்கிக்கொடுத்தது நான்தானே! அந்த ஆத்திரம் முழுக்க அந்த ஆள்மேல் திரும்பியது. கல்யாணத்திலிருந்து வாங்க, போங்க என்று பேசின வாய் அன்றைக்கு அடங்கவில்லை.

"அந்த மரத்துல அதோட பொண்டாட்டி கெடக்குதுடா! வெளிய வர முடியாம அடச்சிக்கினு கெடக்குது. இவன் ஊட்னாதான் அதுக்குச் சோறு. உன் பொண்டாட்டிக்குப் பாலு ஊறணும்னு இன்னொருத்தன் பொண்டாட்டி புள்ளையப் பட்டினி போட்டுட்டியேடா பாவி!"

"ஒரு குருவிக்காவ மாப்ளைய வாடா போடான்றீங்களா? நான் இன்னா ஊரான் வூட்ல திருடனனா? என் பொண்டாட்டிக்காவத்தான பண்ணன்!"

"எழுந்து போடா வெளிய."

"போறன். இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உள் அறையில் அழுகிற குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சந்தியா, "இன்னாம்மா சத்தம்?" என்றாள். "ஒண்ணுமில்ல, நாயி வந்துச்சி, வெரட்டனன்" என்றேன். சாப்பிட்டது எதை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பால் கொடுக்கிறவளிடம்?

அந்தத் தலையை என் வீட்டுக்காரரின் பழைய வேட்டித் துணியில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டேன். நாய் கிளறிவிடக் கூடாது என்று துவைக்கிற கல்லுக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். அந்தக் கல்லை ஒற்றை ஆளால் அசைக்க முடியாது. பக்கத்து வீட்டு ஷாகிராவைக் கூப்பிட்டுத்தான் ரெண்டு பேருமாகப் புரட்டி வைத்தோம். அவள் வீட்டுக்காரருக்கு டவுனில் மளிகைக் கடை, வாயைத் திறக்காத நல்ல மனுஷி. அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

அப்புறம் ஏணி கொண்டுவந்து இலுப்பை மரத்தில் சாய்த்தேன். பொந்து ஏணிக்கும் மேலே இருந்தது. மூங்கில் கழியின் நுனியில் பப்பாளித் துண்டைக் குத்தி, அந்தச் சந்துக்கு நேராக நீட்டினேன். ஷாகிரா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள், "மல்லிகாக்கா, எறங்குங்க, வுழுந்து வைக்கப் போறீங்க!" உள்ளேயிருந்த அலகு துண்டைத் தொடவே இல்லை. கழி கிட்டே போனாலே உள்ளே இழுத்துக்கொண்டது. வியாழக்கிழமை முழுக்க இதே போராட்டம். சாயங்காலம் பொந்துக்குள்ளேயிருந்து குஞ்சுச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அது கம்மியாகிவிட்டது. தென்னை மரம் ஏறுகிற ஆளைக் கூப்பிட்டுப் பூச்சை உடைக்கச் சொல்லலாம் என்றால், நாளைக்கு வருகிறேன் என்றார். நாளை வரைக்கும் அது தாங்குமா? குஞ்சுகள் தாங்குமா?

அன்றைக்கு உச்சி வேளை. கத்திரி வெயில், காக்காகூடக் கத்தவில்லை. பழக்கதோஷத்தில் தட்டில் பப்பாளியை நறுக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவத் திரும்பினேன். கழுவிவிட்டு நிமிர்ந்தால் தட்டின் விளிம்பில் மூக்கன் உட்கார்ந்திருக்கிறான்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். ரெண்டடி தூரம். அதே சாம்பல் நிறம், அதே இமை மயிர், அதே உடைந்த கொம்பு. நான் கையில் பிடித்து, துணியில் சுற்றி, கல்லுக்கு அடியில் வைத்த கொம்பு. வேறு பறவையாம்! இருபது வருஷமாகப் பழத்தைக் கண்ணால் பார்த்தே எடை சொல்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

தட்டு ஆடவில்லை. அவ்வளவு பெரிய பறவை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது, சங்கிலி ஒரு சத்தம் போடவில்லை, ஒரு துண்டு கீழே விழவில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டினது மாதிரி அந்தத் தட்டு அசையாமல் நின்றது. கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மிளகு, பூண்டு, நல்லெண்ணெய். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை, ஷாகிரா வீட்டுக் கஞ்சிதான். வாசனை அந்தப் பறவையிடமிருந்துதான் வந்தது.

பயந்தீர்களா என்று கேட்பீர்கள். பயம் வரவில்லை. அழுகையும் ஆத்திரமுமாகத்தான் வந்தது. "எடுத்துக்கினு போடா, சீக்கிரம் போடா, அங்க பசியில கெடக்குதுங்க" என்று கத்தினேன். ஒன்றொன்றாக எடுத்துத் தொண்டையில் போட்டுக்கொண்டு இலுப்பை மரத்துக்குப் போனது. ரெண்டு நாளாக நான் கெஞ்சியும் வெளியே வராத அந்த அலகு, சந்தில் நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டது.

ஜன்னலிலிருந்து சந்தியா குரல் கொடுத்தாள். "அம்மா, மூக்கன் வந்துட்டான்! ரெண்டு நாளா ஆளக் காணோமேன்னு பாத்தன்."

அவளும் பார்த்தாள். அது செத்ததே அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் கண்ணுக்கும் தெரிந்தது என்றால் அது என் மனப்பிரமை ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்.

அன்றிலிருந்து தினமும் உச்சி வேளைக்கு வந்தது. ஒரு நாள் தவறவில்லை. கல்லைப் புரட்டித் தலை இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று ஷாகிரா சொன்னாள். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். பார்த்துவிட்டால் அது வராமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். உள்ளே குஞ்சுகள் இருக்கும்போது அந்தச் சோதனையெல்லாம் எதற்கு?

இந்தப் பக்கம் நம்ம மாப்பிள்ளை. அவருக்கு ரோஷம். வாடா போடா என்று சொன்ன வீட்டுக்கு வரமாட்டாராம். "உங்கம்மா மன்னிப்பு கேக்கட்டும்" என்று போனில் சொன்னாராம், சண்டை எதற்கு என்று மட்டும் அவரும் அவளிடம் சொல்லவில்லை. முப்பதாம் நாள் குழந்தைக்குப் பேர் வைத்தோம், அப்பன்காரன் வரவில்லை. சந்தியா வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானமும் மூக்கன் வந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்லடி பட்டு, அறுபட்டு, வெந்து, தின்னப்பட்டு ஒழிந்துபோன பறவை தன் பொண்டாட்டி பிள்ளைக்குச் சோறு கொண்டுபோகிறது. கையும் காலும் நன்றாக இருக்கிற இந்த ஆம்பளைக்குத் திருக்கோவிலூரிலிருந்து வர ரோஷம் தடுக்கிறது!

வைகாசி கடைசியில் ஒரு காலையில் பொந்தின் பூச்சு உடைந்து கிடந்தது. தாய் வெளியே இருந்தது, பக்கத்துக் கிளையில் ரெண்டு குஞ்சு, தத்தித் தத்திப் பறந்து பார்த்துக்கொண்டிருந்தன. அன்று உச்சி வேளைக்குத் தட்டில் பப்பாளி வைத்துவிட்டு மூன்று மணி வரைக்கும் நின்றேன். மூக்கன் வரவில்லை.

இனிமேல் பார்க்கலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன். "ஒரு கல்லத் தூக்கணும், பொம்பளைங்களால முடியல, வாங்க" என்றேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவருக்கும் பிள்ளையைப் பார்க்க ஆசை இருந்திருக்கும், சாயங்காலமே வந்துவிட்டார்.

கல்லை அவர்தான் புரட்டினார். மண்ணை அவர்தான் தள்ளினார். துணியை எடுத்து அவர் கையில் கொடுத்து, "நீங்களே அவுருங்க" என்றேன். நான் போட்ட மூன்று முடிச்சு அப்படியே இறுகி இருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். தோல், சதை எல்லாம் போய் வெள்ளை எலும்பு. கொம்பு உடைந்த அலகு. அந்த அலகுக்கு நடுவில் ஒரு துண்டு பப்பாளி. காயாத, அழுகாத, சாறு சொட்டுகிற சிவப்புப் பப்பாளி, கறுப்பு விதை நாலைந்து ஒட்டிக்கொண்டு. அன்று மத்தியானம் நான் நறுக்கினது மாதிரியே இருந்தது.

"அத்தை, நீங்கதான வெச்சீங்க? சொல்லுங்க அத்தை, நீங்கதான?"

"கல்லப் பொரட்னது யாரு? முடிச்ச அவுத்தது யாரு? என்னக் கேக்கறீங்களே!"

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் துணியை மறுபடி கட்டி, குழியில் வைத்து, கல்லைப் புரட்டி மூடினார். குழாயடியில் போய்க் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். சந்தியா கேட்டதற்கு, "கல்லு சாஞ்சி இருந்துச்சி, நேரா வெச்சோம்" என்றார். அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆடி பிறக்கிறதுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது புதன்கிழமை தவறாமல் பொண்டாட்டி பிள்ளையோடு வருகிறார். வரும்போது பப்பாளி அவர்தான் வாங்கி வருகிறார். தட்டில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்க மாட்டார், விறுவிறு என்று உள்ளே போய்விடுவார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். இந்த வருஷம் மாசியில் அந்தப் பெண் பறவை திரும்பி வந்து அதே பொந்துக்குள் போய் வாசலைப் பூசிக்கொண்டது. கூடவே ஒரு ஆண் வந்திருக்கும் என்று தினமும் பார்க்கிறேன். நானும் பார்க்கவில்லை, ஷாகிராவும் பார்க்கவில்லை. ஆனால் உச்சி வேளைக்குத் தட்டில் பப்பாளி குறைகிறது. நேற்று விடக் கூடாது என்று கண் கொட்டாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு துண்டு வைத்தேன். மிளகும் பூண்டும் மணத்தது. திரும்பி அடுப்பைப் பார்த்தேன், எரியவில்லை. மறுபடி தட்டைப் பார்த்தால் நாலு துண்டுதான் இருந்தது.

"செத்தும் உனக்கு ஓய்வு இல்லியாடா, போதும், போடா!" என்று கத்தினேன். கத்திவிட்டு, குறைந்த மூன்று துண்டையும் நானே நறுக்கி வைத்தேன். தட்டு ஆடவே இல்லை.